பாய் ஏற்றும் நேரம்

மோரிப் கடற்கரையில் சண்முகரத்தினம் தன் மனைவியை முதன்முதலாக அடித்தபோது அவள் இரண்டு கைகளாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பாய் பாதி உயரம் ஏறியிருந்தது. கயிற்றை விட்டால் அது சரிந்து மணலில் விழும். விழுந்தால் அதற்கும் சேர்த்து வாங்க வேண்டும். அதனால் மார்க்கிரட் கன்னத்தைத் தடவிப் பார்க்காமல், அண்ணாந்தபடியே மீதிக் கயிற்றையும் இழுத்து முடித்தாள். பாய்மர உச்சியிலிருந்த கொக்கியில் வளையம் மாட்டிய பிறகுதான் கையை எடுத்தாள். வாய்க்குள் இரத்தம் உப்புக்கரித்தது.

வீட்டில் அடிவாங்குவது அவளுக்குப் புதிதல்ல. பிரிக்பீல்ட்ஸில் அரசாங்கக் குவாட்டர்ஸ். கண்ணாடிப் பட்டை ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுத்தான் சண்முகரத்தினம் அடிப்பார். குடிப்பழக்கம் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். வடிகால் வேலைகளைப் பார்க்கும் ஓர் இலாகாவில் என்ஜினியர். அடிப்பதற்கு முன் காரணம் சொல்வார். அடித்த பிறகும் அதே காரணத்தை இன்னொரு முறை சொல்வார். இதில் ஒன்று, எந்தக் கோபத்திலும் அவளை 'நீ' என்று சொன்னதில்லை. "நீர் ஏன் இப்பிடிச் செய்யிறீர்?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டே காதோடு சேர்த்து அறைவார். இரண்டு முறை அவளுக்குக் கரு தங்காமல் போனது. முதலாவது ஏன் என்று எந்த டாக்டருக்கும் தெரியவில்லை. இரண்டாவது ஏன் என்று அவளுக்கு மட்டும் தெரியும்.

மார்க்கிரட் கிள்ளான் ஆஸ்பத்திரி ஒன்றில் அவசரப் பிரிவு நர்ஸ். அங்கே அவளை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். வெட்டுக்காயம், பாட்டில் குத்து, லோரி மோதல், சைக்கிள் சங்கிலியால் வாங்கிய அடி எல்லாம் அவள் கையைத் தாண்டித்தான் உள்ளே போகும். பதினேழு பதினெட்டு வயதுப் பையன்கள் தங்கள் குடலைத் தாங்களே பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்கள். அவள் பதறுவதில்லை. அழுத்திப் பிடிப்பாள், கட்டுவாள், தைப்பதற்கு டாக்டரைக் கூப்பிடுவாள். அப்பா யோகநாதன் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை சைவம், பெண் வேதக்காரி என்று இரண்டு பக்கமும் முணுமுணுத்தபோது, பையன் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான் என்று அவர்தான் எல்லார் வாயையும் அடைத்தார். அதனால் அவரிடம் போய் எதையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறகு அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

படகு வந்தது எண்பத்தொன்றில். செம்பனைக் கம்பெனியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது சண்முகரத்தினத்திடம் தள்ளிவிட்டுப் போனார். இரண்டு மெல்லிய மிதவைகள், அவற்றுக்கு நடுவே இறுக்கிக் கட்டிய கித்தான் தட்டு, அதன் முன்னால் நாலு ஆள் உயரத்துக்கு ஓர் அலுமினியப் பாய்மரம். மோட்டார் கிடையாது. கரையிலிருந்து தள்ளிவிட்டு ஏறிக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளைக்காரர் மூன்று மாலை வேளைகள் சொல்லிக்கொடுத்தார். மீதியைச் சண்முகரத்தினம் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துக் கற்றுக்கொண்டார். ஒற்றை ஆளால் ஆகாத வேலை என்பதால் மார்க்கிரட்டுக்கு விடுமுறையான ஞாயிறுகளில் அவளையும் காரில் ஏற்றிக்கொண்டு பந்திங் வழியாக மோரிப் போவார்.

பெரிய பாயை ஏற்றுவது இப்படி. முதலில் பாயை மணலில் விரித்து, குறுக்கே தைத்திருக்கும் நீளமான பைகளுக்குள் பேட்டன் என்கிற வளையும் குச்சிகளைச் செருகி, முனையில் இறுக்கிக் கட்ட வேண்டும். அப்போதுதான் பாய்க்கு வயிறு வரும். பிறகு படகின் மூக்கைக் காற்று வருகிற பக்கம் திருப்பி வைத்து, பாயின் முன்விளிம்பைப் பாய்மரத்தில் இருக்கும் பள்ளத்துக்குள் ஒருவர் ஊட்டிவிட, மற்றவர் கயிற்றை இழுக்க வேண்டும். ஊட்டுகிற கையும் இழுக்கிற கையும் ஒன்றுபோல் போகாவிட்டால் துணி நடுவில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். காற்று கொஞ்சம் திரும்பினாலும் பேட்டன் முனை, பாய்மரத்தை இழுத்துப் பிடித்திருக்கும் பக்கத்துக் கம்பியில் போய் மாட்டும். உச்சியில் வளையம் கொக்கியில் மாட்டியதும் கீழே பூம் என்கிற அலுமினியக் குழாயைப் பொருத்தி, பாயைக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டி, கடைசியாகத்தான் படகை ஓட்டுகிற கயிற்றைக் கப்பியோடு சேர்த்து மாட்ட வேண்டும்.

இத்தனைக்கும் ஆகிற நேரம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் சண்முகரத்தினம் வேறு ஆளாகிவிடுவார். கரையில் சீனர்கள் இரண்டு மூன்று படகுகள் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சவுக்கு மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும். யாராவது சிரிக்கிறார்களா என்று அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். துணி சிக்கினால் முகம் கறுத்துவிடும். "எத்தினை தரம் சொல்லிப்போட்டன் உமக்கு? எல்லாரும் பாக்கினம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அருகில் வருவார். எல்லாரும் பார்ப்பதால் அந்த முதல் அறைக்குப் பிறகு கையை ஓங்குவதில்லை. உடம்பால் மறைத்துக்கொண்டு விலாவில் முழங்கையால் இடிப்பார். இல்லாவிட்டால் கட்டாமல் வைத்திருக்கும் பேட்டன் ஒன்றை எடுத்துக் கெண்டைக்காலில் விளாசுவார். அது கண்ணாடி நாரால் செய்தது, சாட்டையைப் போல் வளையும். விழுந்த இடத்தில் முதலில் வெள்ளைக் கோடு தெரியும். பிறகு இரண்டு பக்கமும் சிவந்து தடிக்கும்.

ஆனால் படகு தண்ணீரில் ஏறிவிட்டால் எல்லாம் மாறிவிடும். பாயில் காற்று நிறைந்து ஒரு மிதவை மேலெழும்போது அந்த மனிதர் குழந்தைபோல் சிரிப்பார். "நல்லாப் பிடிச்சீர்" என்பார். அங்கே ஒருநாளும் அவளைத் தொட்டதில்லை, திட்டியதும் இல்லை. கரும்பச்சைத் தண்ணீரில் சாய்ந்து, முதுகு நனைய, கயிற்றின் இழுப்பைத் தோளில் வாங்கிக்கொண்டு போகும்போது மார்க்கிரட்டுக்கும் எல்லாம் மறந்துபோகும். அந்த மறதியைப் பற்றிப் பின்னாளில் நினைக்கும்போதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடிவாங்கியதைப் பற்றி அவள் வெட்கப்படவில்லை.

காயங்களை முதலில் கண்டுபிடித்தவள் இராஜம்மா. அதே பிரிவில் கூட்டுவது, கழுவுவது, ஸ்ட்ரெட்சர் தள்ளுவது எல்லாம் அவள் வேலை. புருஷன் இறந்தபின் மேருவில் ஒரு பலகை வீட்டில் தனியாக இருந்தாள். மார்க்கிரட் காலுறையை மாற்றும்போது ஒருநாள் பார்த்துவிட்டாள்.

"இது என்னா மிஸ்ஸி, ரோத்தான் பிரம்படி மாதிரி இருக்கு?"

படகில் கயிறு உரசியது என்று மார்க்கிரட் சொன்னாள். இராஜம்மா வாளியைக் கீழே வைத்தாள். தினமும் இங்கே வருகிற பெண்களும் இப்படித்தான் குளியலறையில் வழுக்கினேன், கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறார்கள், அவர்களிடம் மிஸ்ஸி மறுபடியும் மறுபடியும் கேட்பீர்களே, உங்களிடம் யார் கேட்பது என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. தன் வீட்டுச் சாவி வாசலில் இருக்கும் பூச்சட்டிக்கு அடியில்தான் இருக்கும் என்று மட்டும் ஒருநாள் வேறு ஏதோ பேச்சுக்கு நடுவே சொன்னாள்.

எண்பத்துமூன்றில், பள்ளி விடுமுறை சமயம். சண்முகரத்தினம் தன் இலாகாவின் பெரிய அதிகாரியையும் அவர் குடும்பத்தையும் மோரிப்புக்கு அழைத்திருந்தார். படகைக் காட்ட வேண்டும், முடிந்தால் ஒரு சுற்று ஏற்றிப் போக வேண்டும் என்று ஆசை. விடிகாலையிலேயே மார்க்கிரட் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு கட்டி, பிளாஸ்கில் தேநீர் ஊற்றி எடுத்துக்கொண்டாள். அதிகாரியின் மனைவி நல்ல மாதிரி. மிஸ்ஸியா நீங்கள் என்று கேட்டு, தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று காற்று நிலையாக இல்லை. கரையிலிருந்தும் கடலிலிருந்தும் மாறி மாறி வீசியது. பாய் முக்கால்வாசி ஏறியபோது காற்று திடீரென்று திரும்பியது. மூன்றாவது பேட்டனின் முனை பக்கத்துக் கம்பிக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. ஊட்டிக்கொண்டிருந்த மார்க்கிரட் நிறுத்தச் சொன்னாள். சண்முகரத்தினம் அதிகாரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னும் பலமாக இழுத்தார். பேட்டன் செருகியிருந்த பை தையலோடு சர்ரென்று கிழிந்தது. பாய் தொளதொளவென்று அடித்துக்கொண்டது. அதிகாரியின் பிள்ளைகளில் ஒன்று கைதட்டிச் சிரித்தது.

சண்முகரத்தினம் கயிற்றைக் கட்டிவிட்டு நிதானமாக வந்தார். இந்தமுறை உடம்பால் மறைத்துக்கொள்ளவில்லை. கிழிந்த பையிலிருந்து நழுவி விழுந்த பேட்டனை எடுத்து அவள் தொடையில் இரண்டு, இடுப்பில் ஒன்று, அவள் குனிந்தபோது முதுகில் என்று எண்ணாமல் வீசினார். அதிகாரி, "மிஸ்டர் ரத்தினம், மிஸ்டர் ரத்தினம்" என்றார். ஆனால் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. மார்க்கிரட் பேட்டனின் மறுமுனையைப் பிடித்துவிட்டாள். அவர் அதை அவள் கையிலேயே விட்டுவிட்டு, தட்டின்மேல் கிடந்த கப்பியைக் கயிற்றோடு எடுத்து அவள் முகத்தில் ஓங்கி அடித்தார்.

மூக்கு உடைந்த சத்தத்தை அவள் காதால் கேட்கவில்லை, தலைக்குள்ளிருந்து கேட்டாள். மணலில் உட்கார்ந்துவிட்டாள். இரத்தம் கைவழியாக ஓடி முழங்கையில் சொட்டியது. தலையை முன்னால் குனிய வேண்டும், விழுங்கக் கூடாது என்று எத்தனையோ பேருக்குச் சொல்லியிருந்ததை இப்போது தனக்கே செய்தாள். குனிந்தபோது கால்மாட்டில் பூம் கிடப்பது தெரிந்தது. இன்னும் பொருத்தாமல் வைத்திருந்த நீளமான குழாய்.

"எழும்பும். நாடகம் ஆடாமல் எழும்பும்" என்றார் சண்முகரத்தினம்.

மார்க்கிரட் எழுந்தாள். பூமை நடுவில் இரண்டு கைகளாலும் பற்றித் தூக்கிக்கொண்டே எழுந்தாள். அவர் வலது கையை முகத்துக்கு நேரே உயர்த்தினார். குழாய் முன்கையில் விழுந்தது. வெளிப்பக்க எலும்பு முறிந்ததை அந்த அதிர்விலேயே அவள் தெரிந்துகொண்டாள். அடியைத் தடுக்கக் கை உயர்த்துகிறவர்களுக்கு முறிகிற எலும்பு அது. அதுவரை பெண்களின் கையில்தான் அதைப் பார்த்திருந்தாள். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. அவர் மண்டியிட்டார். மூன்றாவது முதுகில். நான்காவதைத் தலைக்குக் குறிவைத்து ஓங்கியபோது யாரோ குழாயைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்கள்.

"போதும் மிஸ்ஸி. விடுங்க. செத்துப்போயிருவாரு."

பிடித்தவர் அய்யாவு. படகுகளுக்குக் காவல் இருந்துகொண்டு, கொட்டகை ஓரத்தில் இளநீரும் விற்கிறவர். எட்டத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வந்தவர். இரண்டு வருடமாக அவர் கண்ணெதிரேதான் எல்லாம் நடந்தது. இதுவரை அவர் இடையில் வந்ததில்லை, பேசியதும் இல்லை. மார்க்கிரட் குழாயை விட்டாள். நெஞ்சுக்குள் பெரிய அமைதி. நான்காவது அடியும் விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அந்த எண்ணம் அவளைப் பயமுறுத்தியது.

பிறகு நர்ஸ் வேலைதான். அய்யாவு கொண்டுவந்த மீன்பெட்டிப் பலகையை முறிந்த கைக்குக் கீழே கொடுத்து, துண்டைக் கிழித்துக் கட்டினாள். தன் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டாள். அதிகாரியின் குடும்பம் சாப்பாட்டுப் பொட்டலங்களைக்கூட எடுக்காமல் கிளம்பிவிட்டது. அவள்தான் கார் ஓட்டினாள். பந்திங் தாண்டியதும் சண்முகரத்தினம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, "நீர் இதுக்கு அழுவீர்" என்றார். மார்க்கிரட் கியரை மாற்றினாள்.

போனது அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குத்தான். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலில் மூக்கை நேராக்கிக்கொள்ள உட்கார்ந்திருந்த மார்க்கிரட்டைப் பார்த்தார். எப்படி நடந்தது என்று கேட்டார். காற்றில் பூம் திரும்பி அடித்துவிட்டது என்றார் சண்முகரத்தினம். இரண்டு பேரையுமா என்று டாக்டர் கேட்டார். ஆமாம், இரண்டு பேரையும்தான் என்றார் அவர். மார்க்கிரட் மறுத்துப் பேசவில்லை. அவருக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே வந்து, மேரு பஸ்ஸில் ஏறி, பூச்சட்டிக்கு அடியிலிருந்த சாவியால் இராஜம்மாவின் வீட்டைத் திறந்து, சமையலறைத் தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து அவர் வந்தார். வேலை முடிந்து பஸ் நிறுத்தத்தில் அவள் தனியாக நின்றாள். பட்டப்பகல். கார் வந்து நின்றது. இறங்கினார். வீட்டுக்கு வரும்படி கேட்டார், மெதுவாகத்தான் கேட்டார். வரமாட்டேன் என்று அவள் சொன்னாள். மாவுக்கட்டுப் போட்ட கையாலேயே அவள் தலையில் அடித்தார். கல்லால் அடித்த மாதிரி இருந்தது. அவள் சாக்கடை ஓரம் விழுந்ததும் இடது கையால் முடியைச் சுற்றிப் பிடித்துக் காரை நோக்கி இழுத்தார். நடைபாதை வியாபாரிகள் கத்தவே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் இராஜம்மாவோடு போலீஸ் நிலையம் ஒன்றுக்குப் போனாள். தலையில் ஆறு தையல். மேசையிலிருந்தவர் அடித்தது யார் என்று கேட்டார். கணவர் என்றதும் பேனாவை மூடிவிட்டார். இது வீட்டு விஷயம், பெரியவர்களை வைத்துப் பேசுங்கள், நாளைக்கு நீங்களே வந்து வேண்டாம் என்பீர்கள் என்று, கொடுமையாக அல்ல, அனுபவப்பட்டவர் போலச் சொன்னார்.

அதன்பிறகு மார்க்கிரட் ஒரு காரியம் செய்தாள். அது சரியா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. படகு தனக்கு வேண்டும் என்று முடிவு செய்தாள். வீடு வேண்டாம், சாமான் வேண்டாம், நகைகூட வேண்டாம். அந்தத் தண்ணீரில் அவள் சிரித்திருக்கிறாள். அதை மட்டும் அவரிடம் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. விடுமுறை ஞாயிறு ஒன்றில் பஸ் ஏறி மோரிப் போனாள். கிழிந்த பேட்டன் பையைத் தடித்த நூலால் உட்கார்ந்து தைத்தாள். அய்யாவு பக்கத்தில் நின்று பார்த்தார். சார் வந்தால் என்ன சொல்வது என்று கேட்டார். மிஸ்ஸி எடுத்துக்கொண்டு போனாள் என்று சொல்லுங்கள் என்றாள். அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தனக்குக் கயிற்றை இழுக்கத் தெரியாது, ஊட்டிவிட வேண்டுமானால் பழகிக்கொள்கிறேன் என்றார்.

அடுத்தடுத்து மூன்று நான்கு ஞாயிறு இப்படிப் போனது. முதல் இரண்டு தடவை பாயை ஏற்றி இறக்கியதோடு சரி. மூன்றாம் தடவை இடுப்பளவு தண்ணீர் வரை போய்த் திரும்பினார்கள். அய்யாவுக்கு நீந்தத் தெரியாது. இரண்டு கைகளாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ போய்ச் சண்முகரத்தினத்திடம் சொல்லியிருக்க வேண்டும்.

அவர் வந்தபோது காலை பத்து மணி வெயில். மாவுக்கட்டைப் பிரித்திருந்தார்கள். அந்தக் கை மெலிந்து வெளிறிப்போயிருந்தது. மார்க்கிரட் பாய்மரத்தடியில் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அய்யாவு பாயை ஊட்டிக்கொண்டிருந்தார். முக்கால் பங்கு ஏறிவிட்டது. கார்க் கதவு அடித்துச் சாத்தப்படுவதைக் கேட்டு இருவரும் திரும்பினார்கள். சண்முகரத்தினம் வெறுங்கையோடுதான் வந்தார். இளநீர்க் கொட்டகையைத் தாண்டும்போது பலகையில் கொத்தி வைத்திருந்த பாராங்கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

முதலில் படகைத்தான் வெட்டினார். பக்கத்துக் கம்பியில் ஓங்கிப் போட்டார். அது இரும்புக் கம்பி, கத்திதான் துள்ளியது. பாயில் போட்டார், ஒரு முழம் கிழிந்து தொங்கியது. "என்ர படகு" என்றார். அப்புறம் அவளைப் பார்த்தார். "நீ" என்றார். பத்து வருடத்தில் முதல்முறையாக. "நீ ஆரடி என்ர படகைத் தொட?"

கத்தி மேலே போனதைப் பார்த்த மார்க்கிரட் கயிற்றை விட்டாள். பாய் முழுதும் பேட்டன்களோடு சடசடவென்று இறங்கி அவர் தலையிலும் தோளிலும் கவிழ்ந்தது. துணிக்குள்ளிருந்தே கத்தி கண்டபடி வீசியது. அவள் பின்னால் நகர்ந்து மிதவையில் தடுக்கி மல்லாந்து விழுந்தாள். பாயைக் கிழித்துக்கொண்டு அவர் வெளியே வந்தபோது நடுவில் அய்யாவு நின்றார்.

"சார், கீழ போடுங்க. பொம்பளை சார்" என்றார்.

கத்தி அவர் இடது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, வாழைத்தண்டைப் பிளந்தாற்போல் இறங்கியது. அய்யாவு ஆச்சரியப்பட்டவர்போலக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். சீனப் படகுக்காரர்கள் இரண்டு பேர் துடுப்புகளோடு ஓடிவந்து சண்முகரத்தினத்தை முட்டியிலும் விலாவிலும் அடித்து மணலில் சாய்த்தார்கள். ஒருவன் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்தினான். இன்னொருவன் நிறுத்தாமல் அடித்துக்கொண்டிருந்தான். மார்க்கிரட் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பேட்டன் கட்டுகிற சிறுகயிற்றை உருவி அய்யாவின் மேல்கையில் இறுக்கி, குச்சி கொடுத்து முறுக்கினாள். பீறிட்டுக்கொண்டிருந்த இரத்தம் கசிவாகக் குறைந்தது. காயத்துக்குள் தசைநார்கள் அறுந்து வெள்ளையாகத் தெரிந்தன. யாரோ வேன் கொண்டுவந்தார்கள். போகிற வழியெல்லாம் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசச் சொன்னாள். கொட்டகையில் இளநீர் வெயிலில் கிடக்கிறது என்று அவர் சொன்னார். அதையே மறுபடியும் சொன்னார்.

இந்தமுறை போலீஸ் உடனே வந்தது. படம் எடுத்தார்கள், கத்தியைப் பைக்குள் போட்டார்கள், கரையில் இருந்த ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள். சண்முகரத்தினத்தை விலங்கு மாட்டிக் கொண்டுபோனார்கள். வாக்குமூலம் வாங்க வந்த சார்ஜெண்ட் மரியாதையானவர். மார்க்கிரட் தன் மூக்கைப் பற்றியும், தலையில் போட்ட தையலைப் பற்றியும் சொன்னாள். அது வேறு விஷயம் மிஸ்ஸி, இது வெட்டு கேஸ் என்றார் அவர். அதுவரை அழாதவளுக்கு அங்கே கண்ணில் நீர் வந்தது. ஆத்திரத்தில் வந்த நீர். ஆஸ்பத்திரி வராந்தாவின் சுவரில் முஷ்டியை மடக்கி ஓங்கிக் குத்தினாள். விரல்முட்டித் தோல் உரிந்தது. சார்ஜெண்ட் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார்.

வழக்கு அடுத்த வருடம் வந்தது. சாட்சிக் கூண்டில் ஏறியதும், எதிரி கத்தியை யார்மேல் ஓங்கினார் என்று கேட்டார்கள்.

"என்னிலைதான். அய்யாவு குறுக்கை வந்ததாலை அவருக்கு விழுந்தது" என்றாள். நீதிமன்றத்துக்கு அதை மொழிபெயர்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. முதல் அறையிலிருந்து தொடங்கினாள். கரு கலைந்ததைச் சொன்னாள். பேட்டனைச் சொன்னாள், கப்பியைச் சொன்னாள், தான் கையை முறித்ததையும் மறைக்காமல் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி மாஜிஸ்திரேட் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் வாயை மூடிக்கொண்டார். மார்க்கிரட் ஆங்கிலத்துக்கு மாறி மீதியையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். குற்றவாளிக் கூண்டில் நின்ற சண்முகரத்தினம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சில மாதச் சிறை கிடைத்தது. வேலை போனது. தண்டனை அய்யாவின் கைக்காகத்தான் என்பதை எல்லோரும் அறிந்திருந்தார்கள்.

வெளியே தாழ்வாரத்தில் சண்முகரத்தினத்தின் அக்கா கனகேஸ்வரி காத்திருந்தாள். மார்க்கிரட்டுக்குக் கல்யாணப் புடவை எடுத்துக் கொடுத்தவள். "என்ர தம்பியைத் தெருவிலை விட்டிட்டாய். நீ நல்லா இருப்பியோ?" என்று கேட்டு ஓர் அறை வைத்தாள். நேராகாமல் போன மூக்கில் அந்த அறை பட்டது. கண் இருட்டியது. இரண்டாவது அறைக்கு வந்த கையை மார்க்கிரட் மணிக்கட்டில் பிடித்துக்கொண்டாள். மெல்லிய கை, வளையல்களுக்குக் கீழே எலும்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. எந்த இடத்தில் எந்தப் பக்கம் திருப்பினால் முறியும் என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றாள். கனகேஸ்வரியின் முகத்தில் கோபம் போய்ப் பயம் வந்தது. அந்தப் பயத்தை மார்க்கிரட் நன்றாக அடையாளம் கண்டுகொண்டாள். கையை விட்டாள். "மச்சாள், வீட்டை போங்கோ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அய்யாவுக்கு இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. தேங்காய் வெட்டுவதற்கு அவர் வேறு பிடி கண்டுபிடித்துக்கொண்டார். தீர்ப்புக்குப் பிந்திய ஞாயிறு மார்க்கிரட் மோரிப் போனபோது மேற்கே வானம் கருத்திருந்தது. தண்ணீர் ஈயம்போல் அசையாமல் கிடந்தது. ஒட்டுப்போட்டுத் தைத்த பாயைப் பையோடு தோளில் தூக்கிக்கொண்டு வந்தவளிடம், இன்றைக்கு வேண்டாம் மிஸ்ஸி, சுமத்ரா பக்கத்துப் புயல்காற்று வருகிறது என்றார் அய்யாவு. அவளுக்கும் அது தெரிந்தது. பையைப் பிரிக்காமலே கொட்டகைக்குள் வைத்தாள். இருவரும் பலகையில் உட்கார்ந்தார்கள். மழை மணலைக் குத்திக்கொண்டு வந்து சேர்ந்தபோது, கூரை ஒழுகாத பக்கமாக அவர் நகர்ந்து அவளுக்கும் இடம் விட்டார்.